கும்பகோணத்து எழுத்தாளர்கள் சோற்றுக்கு என்ன செய்தார்கள்?

1948-இல் கும்பகோணத்துச் சரிகை வியாபாரி ஒருவர் கைக்காசைப் போட்டு ஓர் இலக்கிய இதழ் தொடங்கினார். இதழின் பெயர் 'தேனீ'. வியாபாரியின் பெயர் எம்.வி. வெங்கட்ராம். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. பதினாறு வயதிலேயே அவருடைய முதல் கதை 'மணிக்கொடி'யில் வந்திருந்தது. ஊர்க் கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவர். வரவு செலவு தெரியாதவர் என்று சொல்ல முடியாது. நண்பர் கரிச்சான் குஞ்சு இதழ் வேலையில் துணை நின்றார். ஆனாலும் 'தேனீ' நெடுநாள் நிற்கவில்லை. போட்ட பணமும் திரும்பவில்லை.

இதைச் சொல்லும்போது நம்மவர்கள் இரண்டில் ஒரு வழியைப் பிடித்துக்கொள்வார்கள். எழுத்துப் பித்து தலைக்கேறி வியாபாரத்தைக் கோட்டைவிட்டார் என்பார்கள். இல்லையென்றால், இலக்கியத்துக்காகத் தம்மையே கரைத்துக்கொண்ட தியாகி என்பார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புனைகதையின் கணிசமான பகுதி இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களிலும் விளைந்தது. அதை எழுதியவர்களில் எழுத்தை மட்டுமே நம்பி நிம்மதியாகச் சாப்பிட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவருமில்லை. தாலுகா ஆபீஸ், வக்கீல் தொழில், கோயில் நிர்வாகம், பள்ளிக்கூடம், வானொலி, சரிகை என்று ஆளுக்கொரு பக்கம் பிழைப்புத் தேடினார்கள். அந்தப் பிழைப்புகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. எழுத்தோடு சம்பந்தமே இல்லாத வேலை பல சமயம் எழுத்தாளனை விட்டுவைத்திருக்கிறது. எழுத்தைப் போலவே இருந்த கூலி வேலைதான் அவனை அதிகம் தின்றிருக்கிறது.

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்கவேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) காலத்தில் புலவரின் வருமானம் என்பது ஊராரும் மடமும் கொடுப்பது. ஓர் ஊரின் பெரிய மனிதர்கள் கூடித் தங்கள் கோயிலுக்குத் தலபுராணம் வேண்டும் என்று கேட்பார்கள். பிள்ளையவர்கள் அங்கே போய்த் தங்கிப் பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவார். பிறகு அரங்கேற்றம், சன்மானம், மரியாதை. கும்பகோணத்துக்குத் 'திருக்குடந்தைப் புராணம்' இப்படித்தான் வந்தது. அவர் பாடிய தலபுராணங்களின் எண்ணிக்கை இன்றைக்கும் மலைக்க வைக்கும். அவ்வளவு பாடியும், திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு இருந்தும், கடைசிக் காலத்தில் அவர் கடன்காரராகவே இருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் பாடிக் கொடுத்த அந்த மொழியாற்றலில் அவருக்கென்று மிஞ்சியது எவ்வளவு என்ற கேள்வியை அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெரியும்.

சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் ஐம்பது ரூபாய். அந்த வேலையை அவருக்குத் தேடிக் கொடுத்தவர், ஓய்வுபெறவிருந்த தியாகராச செட்டியார். அதே ஆண்டு அதே ஊரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் 'சீவகசிந்தாமணி'யைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டதிலிருந்து அவருடைய பதிப்பு வாழ்க்கை தொடங்கியது. 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. பகலில் கல்லூரி, இரவிலும் விடுமுறையிலும் ஏடு. அச்சுக் கூலிக்கும் காகிதத்துக்கும் சம்பளம் போதாது. முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார், ஆதீனத்திடம் உதவி பெற்றார். ஆனால் வீட்டு அடுப்புக்குக் கல்லூரிச் சம்பளம் இருந்தது. எந்தப் பாட்டுக்கு என்ன பாடபேதம் என்று மாதக்கணக்கில் ஒரு சொல்லோடு மல்லுக்கட்ட அவரால் முடிந்ததற்கு அந்த மாதச் சம்பளமும் ஒரு காரணம். 1903 வரை, இருபத்துமூன்று ஆண்டுகள், அவர் இந்த ஊரில் அப்படித்தான் உழைத்தார். ஆசிரியர் செய்த வேலை ஊரார் கேட்டது. மாணவர் செய்த வேலை ஒருவரும் கேட்காதது. கேட்காத வேலையைச் செய்ய நிலையான சம்பளம் ஒன்று வேண்டியிருந்தது.

கணிதமும் படைப்புத்தான் என்பதால் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜனையும் இங்கே ஒரு நிமிடம் கவனிக்கவேண்டும். துணிக்கடைக் குமாஸ்தாவின் மகன். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், சென்னையிலும் எஃப்.ஏ. தேறவில்லை. டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும் தம்மை ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இரவில் அவரோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டவர். அந்த மேலதிகாரியால்தான் அந்த நாற்காலி ராமானுஜனுக்குப் பயன்பட்டது. சம்பளத் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

பிறகு பத்திரிகைகள் வந்தன. 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி' 1935-க்குப் பிறகு பி.எஸ். ராமையாவின் கையில் சிறுகதைப் பத்திரிகையாக நடந்தது. தமிழ்ச் சிறுகதைக்கு அது என்ன செய்தது என்பது ஊரறிந்தது. எழுதியவர்களுக்குப் பணம் கொடுத்துக் கட்டிவரும் பத்திரிகையாக அது ஒருநாளும் இருந்ததில்லை. ஊரார் ஆதரவு போய்ச் சந்தை வந்துவிட்டது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. இந்தத் தலைமுறைக்குச் சந்தையும் வந்து சேரவில்லை.

கு.ப. ராஜகோபாலனின் நாற்பத்திரண்டு ஆண்டு வாழ்க்கை இந்த இடைவெளியில் கழிந்தது. 1902-இல் கும்பகோணத்தில் பிறந்தவர். படிப்பு முடிந்து வருவாய்த் துறையில் சேர்ந்தார். மேலூரில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தார். நிலவரி, பட்டா, ஜமாபந்தி என்று போகும் உத்தியோகம். கண்ணில் புரை விழுந்து, பார்வை மங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பார்வை இல்லாத அந்த நாட்களில் அவர் வாய்மொழியாகச் சொல்ல, தங்கை சேது அம்மாள் எழுதிக்கொண்டார். கும்பகோணத்து மருத்துவர் ஒருவரின் சிகிச்சையால் பின்னர் பார்வை மீண்டது.

சேது அம்மாள் எழுதிக்கொண்டதைப் பலரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். கு.ப.ரா.வின் கதை எப்படிப்பட்டது என்று படித்தவருக்குத் தெரியும். ஒரு சொல் கூடினாலும் கெட்டுப்போகும் கதைகள். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் சொல்லப்படாமல் நிற்கும் விஷயங்கள். அப்படிப்பட்ட கதையை ஓர் அண்ணன் தங்கையிடம் சொல்லி எழுதவைப்பதும், 1930-களில் ஒரு பெண் அதைக் காது கொடுத்துக் கேட்டு, கைமாறு எதிர்பாராமல் எழுதிக் கொடுப்பதும் எளிய காரியமில்லை. இலக்கிய வரலாற்றில் சம்பளமில்லாத வேலை என்று ஒரு பட்டியல் போட்டால் முதலில் வரவேண்டியது இது. சேது அம்மாள் பின்னர் தாமே கதைகளும் நாவல்களும் எழுதினார். அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தவர் என்ற அடையாளம் அவருடைய எழுத்தை மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பார்வை வந்ததும் கு.ப.ரா. எழுதியே பிழைப்பது என்று முடிவெடுத்துச் சென்னைக்குப் போனார். எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து பாரதியை மகாகவி என்று நிறுவும் 'கண்ணன் என் கவி' எழுதினார். வ.ரா. ஆசிரியராக இருந்த 'பாரத தேவி'யில் வேலை பார்த்தார். மொழிபெயர்ப்பு, கட்டுரை, வரலாறு, நாடகம் என்று கேட்டதையெல்லாம் செய்தார். உலகப்போர் வந்து சென்னை காலியானபோது அவரும் ஊர் திரும்பினார். கும்பகோணத்தில் 'மறுமலர்ச்சி நிலையம்' என்று புத்தகக் கடை ஒன்று வைத்தார், அதுவும் நடக்கவில்லை. பிறகு துறையூரிலிருந்து திருலோக சீதாராம் நடத்திய 'கிராம ஊழியன்' அவருக்கு இடம் கொடுத்தது. 1944 ஏப்ரல் 27 அன்று காலில் இரத்த ஓட்டம் நின்று அழுகிய நோயால் இறந்தார்.

அவர் தாலுகா ஆபீசை விட்டிருக்காவிட்டால் எழுதியிருக்கமாட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த வாதம் எனக்குப் புரியவில்லை. அவர் வேலையை விரும்பி விடவில்லை, கண் விடவைத்தது. விட்ட பிறகு வந்த பத்தாண்டில் நல்ல கதைகள் வந்தன. ஆனால் அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியைப் பத்திரிகைக்கு நிரப்பித் தரும் எழுத்து எடுத்துக்கொண்டது. வறுமைதான் அவருடைய கலையைக் கூர்மையாக்கியது என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் செத்துப்போனான் என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது.

அவருடைய தோழர் ந. பிச்சமூர்த்தி இதே ஊரில் வக்கீலாக இருந்தார். பிறகு கோயில் நிர்வாக அதிகாரியாகப் பல ஊர்களில் வேலை பார்த்தார். 1938-இல் வந்த 'ஸ்ரீ ராமானுஜர்' படத்தில் வேஷமும் கட்டினார். அவருடைய கவிதையின் இரண்டாம் வீச்சு 1959-இல் 'எழுத்து' இதழ் தொடங்கிய பிறகு வந்தது. இன்னொரு சிறுகதைக்காரர் மௌனிக்குக் குடும்பச் சொத்து இருந்தது. பல ஆண்டு கும்பகோணத்தில் இருந்துவிட்டுச் சிதம்பரம் போனார். எழுதியவை இருபத்துநான்கு கதைகள். பணம் இருந்தால் எழுத்து பெருகும் என்ற கணக்கும் இங்கே உதவாது.

கு.ப.ரா.வைச் சுற்றிக் கூடிய இளைஞர்களில் இருவர் ஆசிரியர்கள். கரிச்சான் குஞ்சு என்கிற ஆர். நாராயணசாமி வேதமும் வடமொழியும் படித்தவர். கு.ப.ரா. 'கரிச்சான்' என்ற பெயரில் எழுதிவந்ததால் தம்மை அவருடைய குஞ்சு என்று வைத்துக்கொண்டார். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டினார். 'பசித்த மானிடம்' வந்தபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. தி. ஜானகிராமன் ஏறத்தாழப் பத்தாண்டு பள்ளி ஆசிரியர். 1954-இல் வானொலியில் சேர்ந்தார். சென்னை நிலையமும் (1938) திருச்சி நிலையமும் (1939) வந்த பிறகு தமிழ் எழுத்தாளனுக்கு முதல்முறையாக அரசாங்கம் காசோலை அனுப்பத் தொடங்கியிருந்தது. ஓர் உரைக்கு, ஒரு நாடகத்துக்கு இவ்வளவு என்று விகிதம் இருந்தது. ஜானகிராமனுக்கு அங்கே மாதச் சம்பளமே கிடைத்தது. 'மோகமுள்' அந்த ஆண்டுகளில்தான் 'சுதேசமித்திர'னில் தொடராக வந்தது. கும்பகோணத் தெருவும் ரங்கண்ணாவின் பாட்டும் அதில் அவ்வளவு விரிவாக வருவதற்கு, அடுத்த மாத வாடகையைப் பற்றிய கவலை குறைந்திருந்ததும் காரணமாக இருக்கலாம்.

மறுபடி வெங்கட்ராமிடம் வருகிறேன். இந்தக் கூட்டத்தில் உத்தியோகம் பார்க்காமல் வியாபாரம் பார்த்தவர் அவர். தாய்மொழி சௌராஷ்டிரம்; பட்டு நெசவு அவருடைய சமூகத்தின் தொழில். சரிகை என்பது நூலுக்குள் ஒளிந்திருக்கும் உலோக வியாபாரம். பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுவார்கள். சூரத்திலிருந்து வரும். வெள்ளி விலை ஏறினால் சரக்கு ஏறும். இறங்கினால் கையிருப்பின் மதிப்பு கரைந்துபோகும். தறிக்காரருக்கும் ஜவுளிக்காரருக்கும் கடனாகக் கொடுத்துவிட்டுச் சேலை விற்கும்வரை காத்திருக்கவேண்டும். முதலும் கவனமும் ஒரு நாள் தவறாமல் கேட்கிற தொழில்.

ஆனாலும் அந்தத் தொழில் அவருடைய தமிழைக் கேட்கவில்லை. பேரேட்டில் எழுதிய கையால் இரவில் கதை எழுத முடிந்தது. 'நித்யகன்னி'யைப் பாருங்கள். ஒரு சீடன் குருவுக்குக் கொடுக்கவேண்டிய எண்ணூறு குதிரைகளுக்காக யயாதியின் மகள் மாதவி அரசர் கைமாறி அரசர் கைக்குப் போகும் மகாபாரதக் கதை. பிறர் பட்ட கடனுக்கு ஒரு பெண்ணின் உடல் தவணையாவதை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்தவருக்குக் கடன் என்றால் என்ன என்று கடையில் தெரிந்திருக்கும். 'வேள்வித் தீ'யில் இதே ஊர்ச் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பம் வருகிறது. தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவனின் கூலி, முதலாளியிடம் அவன் வாங்கும் முன்பணம், சொந்தத் தறி போடவேண்டும் என்கிற ஏக்கம் ஆகியவற்றை உள்ளிருந்து எழுத அந்த வியாபாரம் அவருக்கு வழிவிட்டது.

வியாபாரம் நொடித்தது. அதற்குப் பிறகு குடும்பத்தைக் காப்பாற்ற எழுத்தையே கூலிக்குக் கொண்டுபோனார். பழனியப்பா பிரதர்ஸ் பதிப்பகத்துக்காக 'நாட்டுக்கு உழைத்த நல்லவர்கள்' வரிசையில் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார், மொழிபெயர்த்தார். பள்ளி நூலகங்களில் மெல்லிய புத்தகங்களாக அவை அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தெளிவான தமிழ், பிழையில்லாத தகவல், குழந்தைகள் படிக்கும் நடை. அந்தக் கூலி வந்ததால்தான் வீட்டில் உலை கொதித்தது. எழுத்தாளனிடம் எழுத்து வேலையைக் கொடுத்துக் காசும் கொடுத்த பதிப்பகத்தைக் குறைசொல்ல நியாயமில்லை. ஆனால் அந்தப் புத்தகங்களை எழுதிய மேசையும் நாவலை எழுதவேண்டிய மேசையும் ஒன்று. காலையில் எழுந்ததும் தெளிவாக இருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் ஒன்று. சரிகைக் கடை மனத்தின் ஒரு பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது. கூலி எழுத்து அவர் பேனாவையே எடுத்துக்கொண்டது.

இன்னொரு பக்கம் நோய். காதுக்குள் குரல்கள் கேட்கும் வேதனையைப் பல ஆண்டுகள் அனுபவித்தவர். அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் 'காதுகள்'. மகாலிங்கம் என்ற பாத்திரத்தின் காதுக்குள் ஆபாசமும் வசையும் ஓயாமல் ஒலிக்க, தொழில் சரிய, குடும்பம் நொறுங்க, அவன் தன் முருகனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தமிழில் அதற்கு இணையான நாவல் இல்லை. 1992-இல் அது வெளிவந்தபோது வெங்கட்ராமுக்கு எழுபத்திரண்டு வயது. 1993-க்குரிய சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஏழாண்டு கழித்து, 2000 ஜனவரியில் இறந்தார். அந்தத் தாமதத்துக்கு நோய் எவ்வளவு காரணம், கூலி எழுத்து எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எழுதவேண்டியது மனதில் கனத்துக்கொண்டிருக்க, வேறொருவரின் வாழ்க்கையைத் தேதி தவறாமல் எழுதிக் கொடுத்த ஆண்டுகள் அவை என்பது மட்டும் நிச்சயம்.

அவர் காசு வாங்காமல் செய்த வேலைகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'தேனீ'யில் அவர் இழந்த பணம் நண்பர்களின் கதைகளை அச்சேற்றுவதற்காகப் போனது. அதில் எவரும் அவரை ஏமாற்றவில்லை. கடைசிக் காலத்தில் எழுதிய 'என் இலக்கிய நண்பர்கள்' நூலில் அந்தக் கூட்டத்தைப் பற்றி எவ்வளவு அன்போடு பேசுகிறார் என்று படித்தால் தெரியும். தன் விருப்பத்தில், தன் சகாக்களுக்காக ஒருவன் இலவசமாக உழைப்பது வேறு. காசு வைத்திருப்பவன் "பெயர் வெளியே தெரியும்" என்று சொல்லி இலவசமாக வாங்கிக்கொள்வது முற்றிலும் வேறு. இன்றைக்கு இரண்டையும் ஒரே பெயரால் 'வாய்ப்பு' என்கிறோம்.

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியமும் சிற்பமும் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் இந்தச் சொல்லை அடிக்கடி கேட்கிறார்கள். சுவர் விளம்பரமும் பெயர்ப் பலகையும் ஒரு காலத்தில் ஓவியனுக்கு நாள்கூலி கொடுத்தன. ஃபிளெக்ஸ் வந்ததும் அந்த வழி அடைபட்டது. கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்துக்கு வர்ணம் தீட்டும் திருப்பணி, கல்யாண மேடை அலங்காரம், பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் வேலை, கல்யாண ஆல்பம் என்று பிழைப்பு ஓடுகிறது. டிசம்பரில் சென்னைக்குப் பாட்டோடும் மிருதங்கத்தோடும் போகிற டெல்டாப் பிள்ளைகளுக்கு மதியக் கச்சேரி கிடைத்தால், கிடைக்கும் தொகை பல சமயம் வழிச்செலவுக்கே போதுவதில்லை. சிறுபத்திரிகை எழுத்தாளருக்கு இதழின் ஒரு பிரதி வரும். அந்தப் பத்திரிகையை நடத்துபவரும் கைக்காசைத்தான் போடுகிறார் என்பதால் அங்கே எனக்குக் கோபமில்லை. அரங்கக் கட்டணமும், ஒலிபெருக்கிக் கட்டணமும், சாப்பாட்டுச் செலவும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, மேடையில் நிற்கும் கலைஞருக்கு மட்டும் சால்வை போர்த்தி அனுப்பும் விழாக்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இருபத்தைந்து வயதில் ஒருவர் என்னிடம் வந்து, எந்த வேலைக்குப் போகட்டும் என்று கேட்டால், இந்த ஊரின் அனுபவத்தை வைத்து ஒன்றைச் சொல்வேன். எழுத ஆசைப்படுகிறவருக்கு விளம்பர வாசகம் எழுதும் வேலை பொருத்தமானதாகத் தோன்றும். வரைகிறவருக்கு டிசைன் கடை. அதில் சேர்ந்து சில மாதங்களில், மாலை வீட்டுக்கு வந்த பிறகு சொந்தமாக ஒரு பக்கம் எழுத முடிகிறதா என்று பார்க்கட்டும். முடியவில்லை என்றால் ரைஸ் மில் கணக்கோ, பாத்திரக் கடைப் பில்லோ மேல். மேலதிகாரி யார் என்பதையும் சம்பளத்தோடு சேர்த்து எண்ணிக்கொள்ளட்டும். வீட்டில் அவருடைய சோற்றையும் நேரத்தையும் யார் ஈடுகட்டுகிறார்கள் என்று எழுதி வைக்கட்டும். சேது அம்மாளைப் போல அவரும் ஏதாவது எழுத நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த மறு ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் உரிமை குடும்பத்துக்கு. கு.ப.ரா.வின் கதைகள் 2005 ஜனவரி முதல் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், எவருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. அச்சிடும் நல்ல பதிப்புகளை வரவேற்கிறேன். ஜானகிராமனின் உரிமை 2042 முடியும் வரையும், வெங்கட்ராமின் உரிமை 2060 முடியும் வரையும் இருக்கிறது. 'காதுகள்' விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டி கொடுக்கப்படவேண்டும். அந்தக் கணக்கு ஆண்டுதோறும் அவருடைய வாரிசுகளின் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.